தலைமன்னார்த் துறையும் எமது முன்னோரும்

மலைநாட்டில் பிறந்து வளர்ந்த எம்போன்றோருக்குக் கடல் என்பது பெரும்பாலும் புத்தகத்தில் கண்ட பொருளே. நாம் அறிந்த நீர் டெவன் அருவியின் நீரும், மகாவலியின் மேற்கிளைகளில் ஓடும் நீரும், ஆடி மாதத்தில் லயத்துத் தகரக் கூரையின்மேல் இரவு பகலாகக் கொட்டும் நீருமாகும். ஆயினும் எம்மில் எவருடைய குடும்பக் கதையையாவது பின்னோக்கித் துருவிச் செல்லுங்கள். தோட்டத்தைத் தாண்டி, கண்டியைத் தாண்டி, மாத்தளையைத் தாண்டி, அக்கதை ஈற்றில் ஒரு கடற்கரையில் போய் நிற்கும். அக்கடற்கரை பெரும்பாலும் தலைமன்னாராகவே இருக்கும்.

இம்மலருக்குச் சரித்திரக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு சங்கத்துப் பெரியோர் பணித்தபோது, மலைநாட்டின் சரித்திரத்தையே எழுத எண்ணினோம். எழுதத் தொடங்கியதும் பேனா கீழே இறங்கிச் சமுத்திரக் கரையில் நின்றுவிட்டது. ஆகவே அத்துறையைப் பற்றியே எழுதுகிறோம். பெரியோர் பொறுத்தருள்க.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழக விடுமுறையில் நண்பர் மூவருடன் அவ்வூருக்குச் சென்றோம். அட்டனிலிருந்து கோச்சியேறிப் பொல்கஹவெலையில் இறங்கி வண்டி மாறினோம். மதவாச்சியைக் கடந்ததும் மலை என்ற பேச்சே இல்லை. பற்றைக்காடும் குளங்களும் மெல்ல மறைய, வெண்மணலும் பனைமரங்களும் தோன்றின. மன்னார்த் தீவிலே தெருவுக்குத் தெரு கழுதைகள் நிற்பதைக் கண்டு எம் நண்பர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். பழைய காலத்து வணிகர் கொண்டுவந்த கழுதைகளின் சந்ததி அவை என்று அவ்வூரார் சொல்வர். வந்திறங்கிய பிராணிகளுக்குக்கூட அங்கே ஒரு பரம்பரைக் கதை இருக்கிறது!

தலைமன்னார் அத்தீவின் மேற்குக் கோடியிலுள்ள சிறிய ஊர். மீன்பிடிப்போரே பெரும்பாலோர். கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம். ஊர் ஒரு பக்கம், துறை ஒரு பக்கம். துறையுள்ள பகுதியை எல்லோரும் 'பியர்' என்றே அழைக்கின்றனர். புகையிரத நிலையத்தின் பெயரும் அதுவே. வெள்ளை நிறக் கலங்கரை விளக்கம் ஒன்று தனியே நிற்கிறது. அதன் அருகே கடலுக்குள் நீண்டு செல்லும் பழைய இறங்குதுறையின் தூண்கள் துருவேறி நிற்கின்றன. கரையோரத்து நீர் பச்சை. சற்று அப்பால் நீலம். காலை வெயிலில் அக்காட்சியைக் கண்டோர் மறக்கமாட்டார். இன்னும் மேற்கே ஊருமலைப் பக்கம் சென்றால், இராமர் அணை என்று நாம் பூசிக்கும் மணல் திட்டுகளின் வரிசை அங்கிருந்து தொடங்குகிறது. உல்லாசப் பிரயாணிகள் படமெடுத்துக்கொண்டு நின்றனர். நாமும் எடுத்தோம். எடுத்தபின் ஏனோ ஒருவரோடொருவர் பேசவில்லை.

இத்துறைக்கு எம்மவரை விடப் பழைய சரித்திரமும் உண்டு. மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள மாந்தை, பண்டைக் காலத்தில் இந்து சமுத்திரத்தின் பெருந்துறைகளுள் ஒன்று. மகாவமிசம் அதனை மகாதித்த என்று கூறும். விசயனுக்கு மணமகளாகப் பாண்டி நாட்டிலிருந்து அனுப்பப்பட்ட இளவரசியும் அவளுடைய பரிவாரமும் வந்திறங்கிய துறை அதுவே என்பது அந்நூலின் கூற்று. பாலாவிக் கரையிலுள்ள திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினர். போர்த்துக்கேயர் காலத்தில் இடிபட்ட அக்கோயில் பின்னர் மீண்டும் எழுந்த வரலாற்றை எமது சங்கத்துப் பெரியோர் நன்கறிவர். ஆதலின் விரிக்கவில்லை. நாம் சொல்ல வந்தது இளவரசியின் கதையன்று. அதே கடலைக் கடந்து, பரிவாரம் ஏதுமின்றி, தலையிலே சட்டிபானையுடன் வந்தோரின் கதை.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1830களிலும் 1840களிலும் கோப்பி ஒரு பைத்தியமாகவே பரவிற்று எனலாம். அதிகாரிகளும் சேனாதிபதிகளும்கூடக் காட்டை வாங்கித் தோட்டக்காரர் ஆயினர். காடு வெட்டவும் கோப்பிப் பழம் பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய சீமைகளிலே மழையின்மையும் கடனும் சாதிக் கொடுமையும் மக்களைப் பிழிந்துகொண்டிருந்தன. கங்காணிமார் அங்கே சென்றனர். கண்டிச்சீமையிலே மரத்தடியைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவர்கள் ஆசை காட்டியதாக எம் தோட்டங்களில் இன்றும் பெரியோர் சொல்வர். நாம் படித்த மிசன் பாடசாலையிலே யாத்திராகமக் கதையைச் சொல்லித் தந்தார்கள். பாலும் தேனும் ஓடும் தேசம் என்று கேட்டபோதெல்லாம் எமக்குக் கங்காணியின் மாசியும் தேங்காயுமே நினைவுக்கு வரும். வேத பாட ஆசிரியரிடம் அதைச் சொல்லத் துணியவில்லை.

ஊரிலிருந்து இராமநாதபுரக் கரை வரை நடை. அங்கிருந்து பாய்த்தோணி. தலைமன்னார், அரிப்பு முதலிய துறைகளில் இறக்கம். கடல் நடுவே புயல் வந்தால் அவ்வளவே. ஆனால் எம் முன்னோரை அதிகம் கொன்றது கடலன்று, கரை. மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய நூற்றைம்பது மைல் தூரம். அதிற் பெரும்பகுதி வறண்ட காடு. குடிக்கக் கிடைத்த நீர் குட்டையில் தேங்கிய நீர். பசியோடு வாந்திபேதியும் மலேரியாக் காய்ச்சலும் சேர்ந்தன. நடக்க முடியாமல் விழுந்தவரை விட்டுவிட்டே கூட்டம் முன்னே சென்றது. நின்றால் நின்றவரும் சாகவேண்டியதுதான். பிற்காலத்தில் அரசாங்கம் அப்பாதையில் கிணறுகளும் மடங்களும் வைத்தியசாலைகளும் அமைத்தது உண்மை. அவற்றுக்கு முன்னே எத்தனை பேர்?

1840களில் வந்தவருள் நாலில் ஒரு பங்கினர் மாண்டனர் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகை எழுதிற்று. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் இக்கணக்கு மிகை என்பர். வந்தவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்து மிச்சத்தையெல்லாம் இறந்தோராகக் கொண்டனர் என்றும், திரும்பிச் சென்றோரை எவரும் சரியாக எண்ணவில்லை என்றும் அவர்கள் காரணம் காட்டுவர். நியாயமான வாதமே. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஏற்றுமதியான கோப்பிக்குக் கணக்கு இருந்தது. அதைப் பறித்தவர் உயிரோடு ஊர் திரும்பினாரா, வழியில் செத்தாரா என்பதற்குச் சரியான கணக்கில்லை. எங்கள் கண்ணுக்கு அந்த வெற்றிடமே பெரிய சாட்சி.

அக்காலத்தில் வந்தோர் இந்நாட்டில் தங்க வந்தோரல்லர். பெரும்பாலும் ஆண்கள். கோப்பிப் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் அதே வழியாக நடந்து, அதே தலைமன்னாரில் தோணியேறி ஊர் போய்ச் சேர்ந்தனர். 1869 இல் கோப்பி இலையில் ஒரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. 1867 இல் லூல்கந்தரையில் ஜேம்ஸ் டெயிலர் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து வரும். ஆதலால் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், பெண் வேண்டும், பிள்ளை வேண்டும். இவ்வாறு பருவத்துக்கு வந்து போனவர்கள் குடும்பத்தோடு நிலைகொண்டனர். எமது இனத்தை இந்நாட்டவர் ஆக்கியது சட்டமன்று, தேயிலைச் செடியே என்று சொன்னால் மிகையாகாது. சட்டம் வெகுகாலத்துக்குப் பின்னரே வந்தது. அதுவும் எப்படி வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய்ப் பயத்தால் வடபாதை மூடப்பட, ஆட்கள் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குக் கப்பலில் வந்தனர். அக்காலத்தை அடுத்தே தகரச் சீட்டு என்பது வழக்கத்துக்கு வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த சிறு தகரத் துண்டு அது. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் வழிச்செலவு எதுவும் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. எல்லாம் தோட்டத்துக் கணக்கில் எழுதப்படும். கடைசியில் அது யார் தலையில் விழுந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ஒருவர் கடனை எழுதி ஆளோடு சேர்த்து அடுத்த தோட்டத்துக்கு மாற்றும் துண்டு முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது.

1914 ஆம் ஆண்டு தலைமன்னாருக்குப் புது வாழ்வு வந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இரயில் தனுஷ்கோடி வரை சென்றது. இக்கரையிலும் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை போடப்பட்டது. இரண்டுக்கும் நடுவே 22 மைல் கடல். அதைக் கடக்கக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என்று இந்தியாவை ஆண்ட இராசப்பிரதிநிதிகளின் பெயரில் நீராவிக் கப்பல்கள் ஓடின.  அட்டனுக்கு 1884 இலேயே புகையிரதம் வந்துவிட்டது. ஆகவே திருச்சியில் ஏறியவன் கடலைத் தவிர வேறெங்கும் நடக்காமல் எம் அட்டன் நிலையத்தில் வந்து இறங்க முடிந்தது. பாட்டனார் காலத்தில் வாரக்கணக்கில் நடந்த வழி அது.

வசதி வந்தது, மரியாதை வந்ததா? வகுப்பு வாரியாகச் சீட்டு வாங்கிய கனவான்கள் நேரே கப்பலேறினர். தோட்டத்துக்குச் செல்வோர் மட்டும் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் இறக்கப்பட்டனர். அங்கே சில நாட்கள் அடைத்துவைத்து, அம்மைப்பால் குத்தி, மருந்து கொடுத்து, இலக்கமிட்டு அனுப்பினர். நோய் பரவாமல் தடுத்த நல்ல ஏற்பாடு அது என்பதை மறுக்கமாட்டோம். வடபாதையில் செத்தவர்களை நினைத்தால் அது பெரும் முன்னேற்றமே. ஆனால் அந்த மண்டபம் முகாமின் பெயரை மறந்துவிடாதீர்கள். இக்கதையில் அது இன்னும் இரு தடவை வரும்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடை செய்தது. வரவு நின்றது. இனி இருந்தோர் இங்கே பிறந்தோரும் இங்கேயே சாவோருமாயினர். அத்தகையோரையே, சுதந்திரம் கிடைத்த அதே 1948 இல், 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கிற்று. பின்னர் 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேர். அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. 1974 இல் அம்மிகுதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். பாடசாலையில் வகுத்தல் கணக்குப் படித்தோம். இப்படியொரு வகுத்தலை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. வகுக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாகவும் நாம் எங்கும் வாசிக்கவில்லை.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஐம்பத்து மூன்று நாட்கள் கழிந்தன. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு பெரும்புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியைத் துடைத்தன. பயணிகளோடு வந்துகொண்டிருந்த இரயில் வண்டியொன்றைக் கடல் விழுங்கிற்று. பாம்பன் பாலம் சிதைந்தது. தலைமன்னாரும் அடிபட்டது. எம்மவரை ஏற்றிச் செல்லவேண்டிய வழியையே இயற்கை உடைத்துப் போட்டது என்று அக்காலத்தில் சிலர் பேசிக்கொண்டார்களாம். பாலம் சில வாரங்களில் செப்பனிடப்பட்டது. கப்பல் தனுஷ்கோடிக்குப் பதிலாக இராமேசுவரத்துக்கு ஓடத் தொடங்கிற்று. ஒப்பந்தம் உடையவில்லை.

பின்னர் நடந்ததை நூல்களில் மட்டுமன்றி எமது வீட்டிலும் கேட்டறிந்தோம். எம் அம்மாயியின் தங்கை 1972 இல் கணவரோடும் கைக்குழந்தையோடும் போனவர். அக்காளும் தங்கையும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். ஒருவருக்கு இந்நாடு, ஒருவருக்கு அந்நாடு. தங்கை வாழ்க்கைப்பட்ட குடும்பம் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தது, அவ்வளவே. கண்டியிலிருந்து கடவுச்சீட்டு வந்த நாளில் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அம்மாயி சொல்வார். அட்டன் நிலையத்தில் அந்நாட்களில் வண்டி புறப்படும்போது எழுந்த அழுகையைக் கேட்டு, அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே சனங்கள் பெயரிட்டுவிட்டனர். கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் அதே அழுகைதான்.

அம்மாயி மட்டும் தங்கையோடு தலைமன்னார் வரை சென்றார். வழியனுப்ப வந்தோர் ஒரு தடுப்போடு நிற்கவேண்டும். அதற்கப்பால் சுங்கச் சோதனை. கட்டிய பெட்டிகளெல்லாம் அவிழ்க்கப்பட்டன. தங்கை மூட்டைக்குள் ஒரு பொட்டலம் தோட்டத்து மண் இருந்ததாம். அது என்ன என்று கேட்டபோது அவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சோதித்தவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாராம். "நல்ல மனுசன்" என்று இன்றைக்கும் அம்மாயி அவரைப் பற்றிச் சொல்வார்.

கப்பலில் சென்றோர் அக்கரையில் இறங்கியதும் மண்டபம் முகாமுக்கே கொண்டுசெல்லப்பட்டனர். பாட்டன்மாருக்கு இலக்கமிட்ட அதே மண்டபம். அங்கிருந்து சிலர் நீலகிரிக்குச் சென்றனர். தாயகம் திரும்புவோருக்கென்றே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968 முதல் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது. மறுபடியும் கொழுந்துக் கூடை, மறுபடியும் மலை, மறுபடியும் குளிர். இங்கே இந்தியக்காரர் என்று அழைக்கப்பட்டோர் அங்கே 'சிலோன்காரர்' ஆயினர். ஊரில் காணியோ வீடோ இல்லாமல் அலைந்தோரும் பலர். எழுபதுகளில் இராமானுஜம் என்ற கப்பலே பெரும்பாலும் ஓடிற்று. 1984 இல் போர்ச் சூழலால் அச்சேவை நின்றது. அதற்குள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்மவர் போய்விட்டனர். 1963 குடிசன மதிப்பில் 11 இலட்சத்துக்கு மேலிருந்த இந்தியத் தமிழர் 1981 இல் 8,18,656 பேர். நாட்டுச் சனத்தொகையில் நூற்றுக்குப் பத்தரைக்கு மேல் இருந்தோர் ஐந்தரையாயினர். பாராளுமன்றத்தில் எமது குரல் ஏன் மெலிந்தது என்று கேட்கும் இளைஞர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

போர்க்காலத்துத் தலைமன்னாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். 1990 இல் இரயில் பாதை அழிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார் இஸ்லாமியர் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவருள் தலைமன்னார்க் குடும்பங்களும் இருந்தன. 1983 முதல் கள்ளத்தோணியிலும் மீன்பிடிப் படகிலும் அக்கரை சென்ற அகதிகளில், கலவரங்களுக்கு அஞ்சி மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய எம்மவரும் இருந்தனர். அவர்களையும் ஏற்றது மண்டபம் முகாமே. தொழிலாளராய், தாயகம் திரும்பியோராய், அகதிகளாய் மூன்று முறை ஒரே வாசலில் நின்ற சனங்கள் உலகில் வேறெங்கும் உளரோ, அறியோம். 2003 இல் ஒரு சட்டத்தினால் இங்கே எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. 2015 மார்ச் 14 இல் தலைமன்னாருக்கு மறுபடியும் புகையிரதம் ஓடிற்று. கப்பல் மட்டும் ஓடவில்லை.

2023 இல் எம்மவர் வந்து இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்த நடைபவனியைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். முன்னோர் நடந்த அதே வழி. வழியிலே தமிழரும் சிங்களவரும் இஸ்லாமியரும் தண்ணீர் கொடுத்தனர். எமக்குப் பரீட்சைக் காலம், போகவில்லை. போகாதது இன்றும் உறுத்துகிறது. அந்த உறுத்தலே பின்னர் எம்மை அங்கு இழுத்துச் சென்றது என்றும் சொல்லலாம்.

இங்கே இளைஞர் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தலைமன்னாரைக் கண்ணால் கண்டவர் ஒருவராவது இருப்பார். வழியனுப்பப் போனவராக இருக்கலாம். போய், அங்கே பிழைக்க முடியாமல் திரும்பியவராகவும் இருக்கலாம். அவரிடம் எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்திலிருந்து, எத்தனை பேர், என்ன சாமான் கொண்டுபோனார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பெட்டியடியில் பழைய தகரச் சீட்டோ, கடவுச்சீட்டோ, நீலகிரியிலிருந்து வந்த கடிதமோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். சங்கத்து நூலகத்தில் ஓர் அலுமாரி இதற்கென்று ஒதுக்கப் பெரியோர் இசைவார்கள் என்று நம்புகிறோம். இறந்தோரை எண்ணாமல் விட்டது அக்காலத்து அரசாங்கம். பிரிந்தோரை எண்ணாமல் விடுவது நாமாக இருக்கவேண்டாம்.

நாம் தலைமன்னாரிலிருந்து திரும்பிய அன்று அம்மாயி லயத்து வாசலில் காத்திருந்தார். படங்களைக் காட்டினோம். கலங்கரை விளக்கத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டார். துருவேறிய தூண்களின் படத்தை மட்டும் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"கப்பலுக்குப் போற பாலம் இதுதானாய்யா?"

"இதுதான் அம்மாயி. இப்ப இவ்வளவுதான் நிக்குது."

"அங்கேருந்து பாத்தா அக்கரை தெரியுதா?"

பகலில் தெரியவில்லை என்றும், இரவில் சில வேளை வெளிச்சம் தெரியும் என்று மீன்பிடிப்போர் சொன்னார்கள் என்றும் கூறினோம். நாம் இரவு தங்காமல் வந்துவிட்டோமே என்று அம்மாயி கோபித்துக்கொண்டார்.